மூளையில் சுவான் கலம் இல்லை

உயர்தர உயிரியலுக்கு ரியூசன் வகுப்பெடுக்கத் தொடங்கியிருக்கும் இளம் ஆசிரியர்கள் நாலைந்து பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்து, அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். எதை எதிர்பார்த்து வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். இத்தனை பிள்ளைகளை எப்படி மருத்துவபீடத்துக்கு அனுப்பினேன் என்ற ரகசியத்தை. அப்படி ஒரு ரகசியம் என்னிடம் இல்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள் எந்த வகுப்புக்குப் போனாலும் பாஸ் பண்ணுவார்கள். போகிற வழியில் என் வகுப்பிலும் கொஞ்ச நேரம் இருந்தார்கள், அவ்வளவுதான். ஓய்வு பெறும்வரை இதை நான் வெளியில் சொன்னதில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம், தொழில் படுத்துவிடும்.

ஆகவே நான் எழுதப்போவது வேறொன்று. மயலின் உறை படிப்பிக்கப் போய், குண்டு வைக்க வந்தவன் என்று பிடிபட்ட கதை. என் மனுசி இதை எழுத வேண்டாம் என்றாள். வயது போன நேரத்தில் மானம் போகும் என்பது அவளுடைய கவலை. போகிற மானத்தால் நாலு பேர் புத்தகத்தைத் திறந்தால் போகட்டும் என்று எழுதுகிறேன்.

அது போர்க்காலம். தலைநகரில், வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தகரக் கூரை போட்ட மண்டபத்தில் வகுப்பு நடத்தினேன். மண்டபத்துக்குப் பின்னால் ரயில் பாதை. ரயில் போகும்போது பாடத்தை நிறுத்த வேண்டும். பிள்ளைகள் அந்த நேரத்தில் தங்கள் கதையைக் கதைத்து முடிப்பார்கள், நான் மறந்துபோனதை ஞாபகப்படுத்திக்கொள்வேன். இரண்டு தரப்புக்கும் ரயில்வே செய்த சேவை அது. நூற்று நாற்பது பேர் நெருங்கி இருப்பார்கள். கடைசி வரிசை வாங்கில் இருப்பவர்களுக்கு நான் ஒரு குரல் மட்டும்.

அவ்வளவு கூட்டம் என் அறிவுக்காகச் சேரவில்லை, என் நோட்ஸுக்காகச் சேர்ந்தது. எந்தப் பாடமாக இருந்தாலும் ஒரே தாள், இரண்டு பக்கம், ஒரு பிள்ளை ஸ்டென்சில் வெட்டித் தர ரோனியோ இயந்திரத்தில் பிரதி எடுத்தது. இருதயம் ஒரு தாள், சிறுநீரகம் ஒரு தாள். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்த பிள்ளைகள் திரும்பிப் போகும்போது பஸ்ஸிலேயே பாடமாக்கி முடிக்கலாம். கடவுள் பெரிதாகப் படைத்ததை நான் தாளில் அடக்கிவிட்டேன் என்ற பெருமை எனக்கு இருந்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

நரம்புத் தொகுதிக்கும் ஒரே தாள்தான். உங்களுக்குத் தெரிந்த விஷயம், ஆனாலும் சொல்கிறேன், தெரிந்தது என்று நினைத்துத்தான் நான் அகப்பட்டேன். நரம்பு நாரைச் சுற்றி, மின்சார வயருக்கு மேலே பிளாஸ்டிக் இருப்பதுபோல, ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. அதுதான் மயலின். அதைச் சுற்றிவிடுவது நரம்புக்கலம் என்ற நரம்பு உயிரணு அல்ல, நரம்புக்கலத்துக்குப் பக்கத்துணையாக இருக்கும் கிளையாக் கலங்கள். கைகால்களுக்கு ஓடும் நரம்புகளில் அந்த வேலையைச் சுவான் கலம் செய்கிறது. மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் ஒலிகோடென்ட்ரோசைட் என்ற, வாயில் நுழையாத பெயருள்ள வேறொரு கலம் செய்கிறது.

என் முதல் வருட நோட்ஸில் இரண்டும் இருந்தன. இரண்டாம் வருடம் புதுப் படமொன்று சேர்த்தேன். தாளின் அடியில் ஒரு வரி மிஞ்சிவிட்டது. ஒரு வரிக்காக இரண்டாவது தாள் போடுவது என் கொள்கைக்கு விரோதம். அதனால் ஒலிகோவை வெட்டினேன். அந்த வருடம் அதை வாயால் சொன்னேன். அடுத்த வருடம் வாயாலும் சொல்ல மறந்தேன். அதற்கடுத்த வருடம் எனக்கே அது தெரியாது. ஏனென்றால் நான் புத்தகம் படிப்பதை விட்டு என் நோட்ஸையே படித்துக்கொண்டிருந்தேன். நான் எழுதியதை நானே வாசித்து, எவ்வளவு சரியாக எழுதியிருக்கிறான் என்று நானே மெச்சிக்கொள்வேன். ரியூசன் மாஸ்டர்களுக்கென்றே உள்ள வருத்தம் இது. வேறு தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த நோய் வராது.

வருத்தம் முற்றி, ஒரு பாட்டும் கட்டிவிட்டேன். "மூளைக்கும் சுவான், முள்ளந்தண்டுக்கும் சுவான், மூலை முடுக்கெல்லாம் சுவானே சுவான்." நூற்று நாற்பது பேரும் மேசையில் தட்டித் தட்டிப் பாடுவார்கள். ஒழுங்கையில் கச்சான் கடலை விற்கும் மனிதருக்குக்கூட அது பாடம்.

வியாழக்கிழமை உயர்தரச் சோதனை. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குக் கடைசி வகுப்பு. கடைசி வகுப்பில் ஏதாவது செய்து காட்டினால்தான் பிள்ளைகளின் மனதில் நிற்கும் என்று ஒரு யோசனை வந்தது. பெற்றரியில் ஒரு மின்குமிழை எரியவைக்கத் தோல் உரித்த வயர் இரண்டு துண்டு. அவை ஒன்றோடொன்று முட்டினால் குமிழ் அணைந்துபோகும், ஒட்டுகிற கறுப்பு ரேப் சுற்றினால் முட்டினாலும் எரியும். உறையின் பயன் அது. பிறகு பிள்ளைகளை இரண்டு வரிசையாக இருத்தி, ஒரு வரிசையில் கைக்குக் கை, மற்ற வரிசையில் ஐந்து பேரைத் தாண்டித் தாண்டி ஒரு பந்தை அனுப்பி, மயலின் உள்ள நரம்பில் செய்தி எப்படிப் பாய்ந்து போகிறது என்று நேரம் பார்த்துக் காட்டலாம். நல்ல பாடம்தான், இப்போதும் சொல்கிறேன்.

ஆகவே நான் ஒரு துணிப்பையில் வைத்த சாமான்கள் இவை: வயர், கறுப்பு ரேப், பெற்றரி நாலு, குமிழ் ஒன்று, அலாரம் வைத்த மேசை மணிக்கூடு ஒன்று.

வாசலில் மனுசி பையை எட்டிப் பார்த்தாள்.

"உதையெல்லாம் தூக்கிக்கொண்டு காலி வீதியால எங்க போறியள்?"

பாடத்துக்கு என்றேன். அவள் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் மாற்றிப் போட்டிருந்த சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். அவள் சொன்னது எனக்கு விளங்கவில்லை. என் மண்டைக்குள் முழுக்க மயலின்தான் இருந்தது. படித்த முட்டாள் என்று ஊரில் சொல்வது யாரை என்று அன்று எட்டு மணிக்குத் தெரிந்துகொண்டேன்.

காலி வீதிச் சோதனைச் சாவடியில் நின்ற சிப்பாய்க்கு என்னைப் பார்த்துப் பழக்கம். அடையாள அட்டையைக்கூட வாங்காமல், சும்மா ஒரு கடமைக்குப் பையை விரித்தான். விரித்த கை அப்படியே நின்றது. சனங்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குப் பின்னால் நின்ற வரிசை இல்லாமற்போய்விட்டது. மணிக்கூடு மட்டும் வஞ்சகமில்லாமல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

என்னை ஒரு பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். பையை முற்றத்தில் மண்மூட்டைகளுக்கு நடுவில் வைத்து, ஆட்கள் தள்ளி நின்றார்கள். உள்ளே பொறுப்பதிகாரி, மீசை நரைத்த, அலுத்துப்போன மனிதர். பக்கத்து மேசையில் எல்லாவற்றையும் எழுதுவதற்கு ஒரு இளம் கான்ஸ்டபிள். இந்த மூன்று பேர்தான் அந்த அறையில், என்னையும் சேர்த்து.

இதற்கெல்லாம் என்ன தேவை என்று பொறுப்பதிகாரி கேட்டார். நரம்பைக் காட்ட என்றேன். என்னுடைய சிங்களம் சந்தைச் சிங்களம். போஞ்சி கிலோ என்ன விலை என்று கேட்க முடியும், மயலின் உறையை விளக்க முடியாது. நான் சொன்னது அவருக்கு எப்படி விளங்கியதோ, யாருடைய நரம்பு என்று கேட்டார். எல்லாருடைய நரம்பும் என்றேன். கான்ஸ்டபிள் அதை எழுதினான்.

சிரிக்கிறீர்கள். அன்று நான் சிரிக்கவில்லை. இங்கே திருப்தி வராவிட்டால் வேறிடத்துக்கு அனுப்புவார்கள். அப்படிப் போனவர்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்று அந்த நாட்களில் எவருக்கும் தெரியாது. சிலர் வரவேயில்லை. பயம் என்றால் பயம், அதற்கு வேறு பெயர் இல்லை.

கடைசியில் பொறுப்பதிகாரி தன் கைத்தடியை மேசையில் வைத்தார். வாத்தியார் என்றால் படிப்பித்துக் காட்டு என்றார். சாமானைத் தொட விடமாட்டார்கள். ஆகவே தடியை நரம்பு நாராக வைத்தேன். என் கைலேஞ்சித் துணியை நீளமாக மடித்து அதைச் சுற்றினேன். இதுதான் உறை, இதைச் சுற்றுவது சுவான் கலம் என்று சொல்லச் சொல்ல எனக்குப் பயம் குறைந்தது. ஆங்கிலமும் சிங்களமும் கையும் காலுமாகப் படிப்பித்தேன். வகுப்பு சூடேறிவிட்டது என்று நினைத்து, முத்தாய்ப்பாக நெற்றியைத் தொட்டு, மூளையிலும் இதே சுவான்தான் என்றேன்.

எழுதிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் பேனையை வைத்தான்.

"சேர், ஏக வெரதி."

அது பிழை என்கிறான். பொறுப்பதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நீங்கள் என் இடத்தில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசியுங்கள். உயிர் அவர்கள் கையில் இருக்கிறது. பொலிஸ்காரன் பிழை என்றால் பிழை என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதான். நான் அதைச் செய்யவில்லை. இத்தனை வருடமாக வகுப்பில் எவரும் என்னைப் பிழை என்று சொன்னதில்லை. உனக்கு என்ன தெரியும், நீ உயிரியல் படித்தவனா என்று கேட்டேன், குரலையும் உயர்த்தினேன்.

படித்தவன் என்றான். இரண்டு தரம் சோதனை எடுத்து, இரசாயனவியலில் விழுந்து, பொலிசில் சேர்ந்தவன். அடுத்த வருடம் மூன்றாம் தரம் எழுதப் படித்துக்கொண்டிருக்கிறானாம். இரண்டு தரம் விழுந்தவன் எனக்குப் படிப்பிக்க வருகிறாயா என்றேன். உயிரியலில் விழவில்லை என்றான், அமைதியாக. மூளையில் ஒலிகோடென்ட்ரோசைட் என்றான். என் வாயில் நுழையாத சொல் அவன் வாயிலிருந்து தண்ணீர் மாதிரி வந்தது. நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நின்றேன். என் நோட்ஸைப் பார் என்றேன். நோட்ஸ் யார் எழுதியது என்று கேட்டான். நான் என்றேன். பொறுப்பதிகாரி தேநீர் கொண்டுவரச் சொல்லிவிட்டுக் கதிரையில் சாய்ந்துகொண்டார்.

கான்ஸ்டபிள் விடுதிக்குப் போய்த் தன் பெட்டிக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்து வந்தான். சிங்களப் புத்தகம்தான், ஆனால் படத்துக்கு மொழி இல்லை. ஒரு கலம், நாலு பக்கமும் கை நீட்டி, ஒவ்வொரு கையாலும் ஒவ்வொரு நாரைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. பார்த்தவுடனேயே ஞாபகம் வந்துவிட்டது, நானே வெட்டி எறிந்த அந்தக் கடைசி வரி. எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து அவன் விளக்கினான். சுவான் கலம் மந்திரிக்குப் பின்னால் திரியும் மெய்க்காவலர் மாதிரி, ஒருவருடன் மட்டும் ஒட்டிக்கொள்ளும். ஒலிகோ சந்தியில் நிற்கும் ட்ரஃபிக் பொலிஸ், ஒரே இடத்தில் நின்று எல்லாப் பக்கமும் கை நீட்டும். அதைவிட நல்ல விளக்கம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. பின்னாளில் அதை என்னுடையது மாதிரி வகுப்பில் சொல்லிவந்தேன். இப்போது உரியவனிடம் ஒப்படைக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. அதுவரை இருந்தது என் தோலைப் பற்றிய பயம். நூற்று நாற்பது பிள்ளைகள் வியாழக்கிழமை போய், மூளைக்கும் சுவான் என்று எழுதப்போகிறார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பிள்ளையின் வாழ்க்கை தொங்கிய காலம் அது. சோதனையில் தவறினால் சிலருக்குப் போக வேறு இடமே இல்லை. பொறுப்பதிகாரியிடம், என்னை விடுங்கள், பிள்ளைகளிடம் பிழையைச் சொல்லிவிட்டு வருகிறேன், பிறகு என்ன செய்தாலும் செய்யுங்கள் என்று கேட்டேன். கேட்கும்போது அழுதேன் என்று நினைக்கிறேன்.

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு கான்ஸ்டபிளைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னது எனக்கு நன்றாக விளங்கியது.

"குண்டு கொண்டுவந்தவன் நாங்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவான். பொலிசுக்குள் வந்து நின்று பொலிஸ்காரனுடன் இப்படிச் சண்டை பிடிக்கிறவன் வாத்தியாகத்தான் இருக்க வேண்டும்."

ஆனாலும் அவர் பொலிஸ்காரர். வாக்குமூலம் எழுதுவித்துக் கையெழுத்து வாங்கினார். கான்ஸ்டபிளை என்னுடன் அனுப்பினார். வகுப்பு இருந்தால் அவன் தனியாகத் திரும்பி வரவேண்டும், இல்லாவிட்டால் என்னையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

ஒழுங்கையில் இறங்கும்போது பதினொரு மணி. வகுப்பு எட்டரைக்கு. சேரைப் பிடித்துவிட்டார்கள் என்ற செய்தி எட்டு ஐந்துக்கே மண்டபத்துக்குப் போயிருக்கும். அப்படிச் செய்தி வந்தால் பிள்ளைகள் செய்யவேண்டிய புத்தியான காரியம் வீட்டுக்கு ஓடுவது. நானே அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். என் பிள்ளைகள் புத்திசாலிகளாக இருந்தால் நான் தொலைந்தேன். மண்டபத்தை நெருங்கினோம், ஒரு சத்தமும் இல்லை. அந்த நேரம் பார்த்து ரயில் வேறு கடந்தது. கான்ஸ்டபிள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். ரயில் போய் முடிந்தது. மேசைகள் அதிர, தகரம் அதிர, உள்ளேயிருந்து கிளம்பியது பாட்டு.

மூளைக்கும் சுவான், முள்ளந்தண்டுக்கும் சுவான்.

என்ன பாடுகிறார்கள் என்று கான்ஸ்டபிள் கேட்டான். பிழையைப் பாடுகிறார்கள் என்றேன். என்னைத் தலைகுனியவைத்த அந்தப் பிழைதான் வகுப்பு இருக்கிறது என்று சாட்சியும் சொன்னது. அதற்காக அதை மன்னிக்கலாமா என்று இன்றைக்கும் முடிவு செய்யவில்லை.

கதவடியில் துப்பாக்கியும் சீருடையுமாக அவனைக் கண்டதும் பாட்டு பாதியில் நின்றது. முன்வாங்கில் ஒருத்தி அடையாள அட்டையை எடுத்து நீட்டிக்கொண்டு நின்றாள். எவரும் கேட்கவில்லை, பழக்கம். கான்ஸ்டபிள் தலைகுனிந்து நடந்து போய்க் கடைசி வாங்கில் இருந்தான்.

கரும்பலகைக்கு முன்னால் நின்றபோது எனக்கு வந்த முதல் யோசனையை மறைக்காமல் சொல்கிறேன். ஸ்டென்சில் வெட்டிய பிள்ளை ஒரு வரியை விட்டுவிட்டாள் என்று சொல்லலாம். கான்ஸ்டபிளுக்குத் தமிழ் தெரியாது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாது. வாயைத் திறந்தும்விட்டேன். அப்போது பார்த்தால், கடைசி வாங்கில் அவன் பக்கத்துப் பிள்ளையின் நோட்ஸை வாங்கி, படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான், தானும் வியாழக்கிழமை சோதனை எழுதப்போகிறவன் மாதிரி. பொய்யை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னேன்.

"பிள்ளையள், மூளையில சுவான் கலம் இல்லை. நாலு வருசமா நான் பிழையாப் படிப்பிச்சனான். திருத்தினவர் அந்தா பின்வாங்கில இருக்கிறார்."

நூற்று நாற்பது தலைகள் திரும்பின. கைதட்டுவதா, ஓடுவதா என்று எவருக்கும் தெரியவில்லை. ஒலிகோவைப் பற்றி, ட்ரஃபிக் பொலிஸ் உட்பட, எல்லாம் சொன்னேன். அட்டையுடன் நின்ற அதே பிள்ளை கை உயர்த்தினாள்.

"சேர், அப்ப ஒரு கலம் எத்தினை நாரைச் சுத்தும்?"

எனக்குத் தெரியாது. வழக்கமாக அப்படியான நேரத்தில் வாயில் வரும் எண்ணைச் சொல்லிவிட்டு, அது சோதனைக்கு வராது என்பேன். அன்று கேள்வியைச் சந்தைச் சிங்களத்தில் பின்வாங்குக்கு அனுப்பினேன். அவன் எழுந்து நின்று, பல நார்களை என்றும், எத்தனை என்று தன் புத்தகத்தில் இல்லை என்றும், தெரியாததைத் தான் சொல்லக்கூடாது என்றும் சொன்னான். மொழிபெயர்த்தேன். என் வகுப்பில் தெரியாது என்ற சொல் கேட்டது அதுதான் முதல் தரம், அதுவும் பொலிஸ்காரனின் வாயால். அந்தப் பிள்ளை அதையும் எழுதிக்கொண்டாள்.

அவன் தனியாகத் திரும்பிப் போனான். வயரும் பெற்றரியும் வரவேயில்லை, மணிக்கூடு மட்டும் பத்து நாள் கழித்து வந்தது, ஒழுங்காக நேரம் காட்டிக்கொண்டு. வியாழக்கிழமைச் சோதனையில் மயலினைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. அடுத்த வருடம் என் நரம்புத் தாள் இரண்டு தாளாயிற்று. பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். கான்ஸ்டபிளைத் தேடிப் போனேன், இரசாயனவியல் சொல்லித் தரலாம் என்று. சண்டை நடக்கும் வடக்குக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். மூன்றாம் தரம் எழுதினானா, எழுத உயிரோடு இருந்தானா என்று எனக்குத் தெரியாது. அவனை நினைக்கும்போதெல்லாம் மனம் நோகிறது.

நோட்ஸ் எழுதுங்கள், தம்பிமாரே, தங்கச்சிமாரே. ஆனால் அதைப் படிக்கவேண்டியது பிள்ளைகள், நீங்கள் அல்ல. நீங்கள் புத்தகத்தைப் படியுங்கள்.

வாக்குமூலத்தில் கான்ஸ்டபிள் என்ன எழுதினான் என்பதைச் சொல்லவில்லையே. கையெழுத்து வைக்குமுன் எனக்கு அதை அவன் மெதுவாக, விளங்கும்வரை, இரண்டு தரம் வாசித்துக் காட்டினான். மூளையில் மயலின் செய்வது சுவான் கலம் என்று நான் சொன்னது பிழை என்று ஒப்புக்கொள்கிறேன், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர், வாசிக்கத் தெரியாத மொழியில், செய்யாததைச் செய்தேன் என்று கையெழுத்து வைத்தார்கள். நானும் அதே மொழியில் வைத்தேன். நான் செய்ததுதான் என்னுடையதில் எழுதியிருந்தது.